உடைஞ்சு போச்சு

அக்கா மகளுக்கு மூன்று வயது. போன மாதம் மணலியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது என் மூக்குக்கண்ணாடியை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினேன். கண்ணாடியின் ஒரு கால் தனியாகக் கிடந்தது.

"மாமா, ஒடஞ்சு போச்சு."

அக்கா விடவில்லை. "அதுவா ஒடஞ்சுது? ஒடச்சுட்டேன்னு சொல்லு." குழந்தை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

அக்கா திருத்தியது இலக்கணத்தையா, ஒழுக்கத்தையா? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. 'உடைந்து' என்றால் ஆள் வேண்டாம், பொருள் போதும். 'உடைத்து' என்றால் ஓர் ஆள் வந்தாக வேண்டும். அதன் பின்னால் ஒட்டும் துணைவினைகள் இன்னும் விசித்திரமானவை. 'உடைஞ்சு போச்சு' என்றால் எதுவும் எங்கும் போகவில்லை. 'உடைச்சுட்டேன்' என்பதில் யாரும் எதையும் விடவில்லை. 'என்ன பண்ணி வச்சிருக்க?' என்று அம்மா கேட்டால், வை என்ற சாதுவான சொல்லே குற்றச்சாட்டாகிவிடுகிறது. மொழியியலாளர் இ. அண்ணாமலை இந்த வினைகளைப் பற்றியே 1985இல் ஒரு முழு நூல் எழுதினார். நடந்ததை மட்டுமல்ல, நடந்ததைப் பற்றிப் பேசுகிறவர் மனதையும் இவற்றில் பல சொல்லிவிடும்.

ஜப்பானியக் குழந்தையும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே 'ஷிமாவு' என்றால் முடித்தல், எடுத்து வைத்தல். இன்னொரு வினையோடு ஒட்டிப் பேச்சில் தேயும்போது 'ச்சத்தா' ஆகி, 'ஐயோ, இப்படி ஆயிடுச்சே' என்ற பொருள் வந்துவிடும். 'கொவாரெச்சத்தா' என்றால் உடைஞ்சு போச்சு. 'கொவாஷிச்சத்தா' என்றால் உடைச்சுட்டேன். இந்தச் சொற்களை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. ஏதாவது உடையும்போதும் கொட்டும்போதும், பெரியவர்கள் குரலிலிருந்து குழந்தை எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் அவள் பொய் சொன்னாளா? இல்லை. கண்ணாடி உடைந்தது உண்மைதான். ஆனால் இரண்டு வாக்கியங்களும் கைவசம் இருக்கும்போது எதை எடுக்கிறோம் என்பதில்தான் ஒழுக்கம் தொடங்குகிறது.

கொஞ்ச நேரம் கழித்து, என் காதருகே வந்து, "மாமா, ஒடச்சுட்டேன்" என்றாள். நான் உடனே, "பரவால்ல கண்ணு, ஒடஞ்சுதான போச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் வாயில் தப்பித்தலாக இருந்த அதே சொல், என் வாயில் மன்னிப்பாகிவிட்டது. உடைத்தவர் சொன்னால் ஒன்று, இழந்தவர் சொன்னால் வேறொன்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளினார்கள். அப்போது வெளியூர் நண்பர் ஒருவர் போனில் விசாரித்தார். "வெள்ளத்துல எண்ணெய் கலந்து போச்சு" என்றேன். 'கலக்க விட்டுட்டாங்க' என்று வாயில் வரவில்லை. அன்று என் வலை எதுவும் கறுக்கவில்லை. கையில் எண்ணெய் படவில்லை. 'போச்சு' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

வலையை இழந்தவர் ஒருநாள் "சரி, போச்சு" என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அது அவருடைய சொல். ஆனால் அதற்கு முன்னால் யாராவது ஒருவர் அவர் அருகே போய், "செஞ்சுட்டோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வயதில் கற்றுக்கொள்ளும் வரிசை அதுதான்.