பதின்மூன்று பௌர்ணமி

2022 சித்திரைப் பௌர்ணமி ஏப்ரல் 16 அன்று வந்தது. கொரோனாவால் இரண்டு வருஷம் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை இருந்தது. அது விலகியபின் வந்த முதல் சித்திரை என்பதால் திருவண்ணாமலையில் கால் வைக்க இடமில்லை. லட்சக்கணக்கான பேர் நடக்கும் பாதையில் ரகசியம் பேசுவதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பானது. யாரும் யாரையும் கவனிப்பதில்லை. எம லிங்கத்தைத் தாண்டி நிருதி லிங்கத்துக்குப் போகும் வழியில் நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னோம்.

என்னுடையது ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன். கூட நடந்தவர்கள்: கல்யாண போட்டோ எடுக்கும் பள்ளித் தோழன், மூன்று லட்சத்து நாற்பதாயிரம், அதில் ஊரடங்குக்கு ஆறு மாசம் முன்னால் தவணையில் வாங்கிய கேமராவும் அடக்கம். மளிகைக்கடை வைத்திருக்கும் இன்னொரு தோழன், ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கும் என் பெரியம்மா மகள், இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அக்காதான் ஆரம்பித்தாள். "டேய், ஒரு வருஷத்துல முடிக்கணும்டா. தனியா முடியாது. மாசாமாசம் நடப்போம், நடக்கும்போது பாக்கி எவ்ளோன்னு சொல்லணும். பொய் சொல்லக் கூடாது. அவ்ளோதான்."

என் கடனுக்குக் காரணம் கேட்டால் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்பேன். அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒன்றரை லட்சம். மீதி மூன்றரை லட்சத்துக்கு மேல் எங்கே போனது என்று அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைக், போன், சென்னை வாடகை, நண்பர்களுக்கு வைத்த ட்ரீட், மாசம் தவறாமல் கட்டிய மினிமம் டியூ. மாதம் மூன்றரை சதவீத வட்டி போடும் கார்டில் ஒரு லட்சம் பாக்கி என்றால் வட்டி 3,500, அதன் மேல் ஜிஎஸ்டி 630. ஐந்தாயிரம் கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய். இதைக் கணக்கிட இன்ஜினியரிங் தேவையில்லை. படித்தவன் நான்கு வருஷம் கணக்கிடாமல் இருந்ததற்குத்தான் ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. வெட்கம் என்று நினைக்கிறேன். வெட்கம் ஆளைத் திருத்தும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். என்னை அது ஸ்டேட்மென்ட்டைத் திறக்கவிடாமல் வைத்திருந்தது.

ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்ற ஒரே சொல் கடனையும் குற்றத்தையும் குறிக்கும். 1887-ல் ஒழுக்கத்தின் வம்சாவளி பற்றி எழுதிய நீட்சே, குற்றவுணர்வே பழைய கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்தது என்று வாதிடுவதற்கு இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார். தமிழில் அப்படி இல்லை. கடன் என்றால் வாங்கிய பணம். கடன் என்றால் கடமையும்தான். காலைக்கடன், நீத்தார்கடன். வேண்டாவெறுப்பாகச் செய்வதையும் 'கடனேன்னு செஞ்சான்' என்கிறோம். நம் சொல்லில் குற்றத்தின் வாடையே கிடையாது. (கடன்பட்டவனின் நெஞ்சு பற்றி மேடைதோறும் கம்பன் பெயரில் சொல்லப்படும் வரியும் கம்பராமாயணத்தில் இல்லை.) அப்படியானால் டியூ தேதியன்று தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் வயிற்றைப் பிசைகிற இந்த உணர்வு எங்கிருந்து வந்தது?

அதற்குப் பதில் தேடும் முன்பே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. ஆளுக்கு மாசம் மூவாயிரம் போட்டு ஒரு பொதுப்பணம் சேர்ப்பது, பன்னிரண்டாயிரம் ஆனதும் ஒருவர் கடனில் கட்டுவது என்று முடிவு. யார் கடனில்? நான் அட்டவணை போட்டேன். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைப்பதுதான் நாலு பேருக்கும் சேர்த்து லாபம். அதில் சந்தேகமே இல்லை, கணக்கு அப்படித்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு நகைக்கடன் போகப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாங்கிய கைமாத்து ஒன்று இருந்தது. சரியாகப் பன்னிரண்டாயிரம். வட்டி கிடையாது. இரண்டு வருஷமாகிறது, அந்தம்மா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "அதான்டா முதல்ல குடுக்கணும்" என்றாள். "கேக்காதவங்களுக்கு ஏன்க்கா அவசரம்?" என்று கேட்டேன். அட்டவணையில் அது கடைசி வரிசையில், பூஜ்ஜியம் சதவீதத்தில் இருந்தது. மூன்றுக்கு ஒன்று என்று அக்கா தோற்றாள். முதல் மாசப் பணம் போட்டோக்காரனின் செயலிக் கடனுக்குப் போனது.

பிற்பாடுதான் புறநானூற்றின் 163-ஆம் பாடலைப் படித்தேன். குமணனிடம் பரிசு வாங்கிவந்த பெருஞ்சித்திரனார், வறுமையில் கிடந்த மனைவியிடம் அதை எல்லோருக்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டாம், நாளைக்கு என்று சேர்த்துவைக்கவும் வேண்டாம் என்று சொல்லும் பாட்டு. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியலில், பசித்த நாட்களில் 'குறியெதிர்ப்பை' தந்தவர்களும் வருகிறார்கள். அளவு குறித்துக் கொடுத்து அதே அளவு திரும்ப வாங்குவது குறியெதிர்ப்பை. பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி வாங்கி, ஒரு ஆழாக்காகத் திருப்புகிறோமே அதுதான். வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் இதே சொல்லை எடுத்து, இல்லாதவனுக்குத் தருவது மட்டும்தான் ஈகை, மற்றதெல்லாம் இந்த வகைதான் என்று அதைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவார். எனக்கென்னவோ அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த அரிசி ஈகையைவிடக் குறைவாகத் தெரிந்திருக்காது என்று படுகிறது. தானமாக வந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டாளோ என்னவோ.

ஆடியில் ஆபீஸ் நண்பர் ஒருவர் பேராவூரணிப் பக்கம் தன் ஊருக்கு ஒரு மொய்விருந்துக்கு அழைத்துப்போனார். மொய் என்றால் எங்கள் பக்கம் கல்யாணத்தில் வைப்பது. அங்கே கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் பணம் தேவைப்படுகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்துகூடப் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைக்கிறார்கள். இவர்கள் முன்பு யார் யாருக்கு மொய் செய்தார்களோ அவர்கள் வந்து அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் வைக்கிறார்கள். எழுதுவதற்கென்றே ஆட்கள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நோட்டு எண்ணும் மெஷின்கூட வந்துவிட்டது. ஒரே நாளில் லட்சங்கள் சேரும். கடன் அடையும், போர்வெல் இறங்கும், பிள்ளை காலேஜ் போகும். பிறகு சில வருஷங்களுக்கு இவர் மற்றவர்கள் விருந்துக்குப் போய்த் திருப்பிக்கொண்டே இருப்பார். வட்டி என்று ஒரு பைசா கிடையாது.

எனக்குப் பிடித்தது அந்த 'மேலே கொஞ்சம்'. வாங்கியதை மட்டும் திருப்பினால் கணக்கு முடிந்துவிடும். அது அங்கே உறவை முறித்துக்கொள்வது மாதிரி. அதனால் கணக்கை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைக்கிறார்கள். இன்றைக்கு வாங்குகிறவர் நாளைக்குக் கொடுக்க வேண்டியவர் ஆகிறார். அங்கே யாரும் கடனாளி என்று தலைகுனிந்து நிற்கவில்லை. பந்தலில் இருக்கும் எல்லோருமே கடனாளிகள்தான்.

இதை ரொம்பவும் கொண்டாடிவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்த வட்டாரத்தின் தென்னை மரங்களைச் சாய்த்தபோது, கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் சேர்ந்தே விழுந்தார்கள். பிறகு ஊரடங்கு வந்து பந்தல் போடவே முடியாமல் போனது. ஒருவர் விழுந்தால் தூக்கிவிடும் ஏற்பாடு, எல்லோரும் ஒரே நாளில் விழுந்தால் என்ன செய்யும்? எங்கள் நாலு பேரின் கடனும் ஒரே காலத்தில் வந்ததுதான் என்பதை அந்தப் பந்தலில் உட்கார்ந்து யோசித்தேன். சாப்பாடு பிரமாதம், அதையும் சொல்ல வேண்டும்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு, 2022 நவம்பர் 8, மளிகைக்கடைக்காரன் வரவில்லை. அன்று சந்திர கிரகணம், அதனால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டோம். கார்த்திகைக்கும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. பொதுப்பணம் இரண்டு மாசமாக ஒன்பதாயிரமாக நின்றது. மார்கழி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி வாசலுக்கு வந்து, "அவரு வெளியூரு போயிருக்காருங்க" என்றார். அவனுடைய செருப்பு படிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். போட்டோக்காரனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், தண்டல்காரரிடம் அவன் அம்மா சொல்லும் அதே வாக்கியம். நாங்கள் யாராக அந்த வாசலில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. பெண்கள் முதலில் தங்கள் சேமிப்பைப் போட்டு, அதிலிருந்து தங்களுக்குள் கொடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த நுண்கடன் நிறுவனங்கள் 'குழு' என்ற அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டன. பணம் வெளியிலிருந்து வரும், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். எனவே வசூலுக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை; பக்கத்து வீட்டுக்காரியே வந்து ராத்திரிவரை திண்ணையில் உட்காருவாள். ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு 2010 அக்டோபரில் அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நமது சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலுக்கு எதிரான மசோதாவை நிறைவேற்ற 2025 ஏப்ரல் ஆனது. ஆனால் எந்தச் சட்டத்தாலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் தோழியா வசூல்காரியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் முகம் ஒன்று, கேள்வியும் ஒன்று: "என்னாச்சு, எப்ப கட்டுவ?"

எனக்குத் தோன்றும் வித்தியாசம் ஒன்றுதான். கேட்கிறவர் தன் நோட்டையும் திறந்து வைத்திருக்கிறாரா என்பது. வங்கிக்கு என் எண் தெரியும், எனக்கு அவர்களுடையது தெரியாது. கிரிவலப் பாதையில் எங்களுக்கு அது வசூலாகத் தோன்றாததற்குக் காரணம், நாலு பேரும் சொன்னோம் என்பதுதான். ஆனால் அவன் வாசலில் நின்றபோது எங்கள் மூன்று பேர் வாயிலும் இருந்தது அவனுடைய எண் மட்டும்.

தெருமுனைவரை வந்துவிட்டோம். அக்கா திரும்பிப் போனாள். "நீங்க வராதீங்க" என்றாள். முக்கால் மணி நேரம் டீக்கடையில் நின்றோம். அவள் அந்தப் படியில் உட்கார்ந்து அவன் மனைவியிடம் தன் கடனையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். எந்த வளையல் எந்த பேங்கில் இருக்கிறது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வைத்தது எது, பக்கத்து வீட்டுக் கைமாத்து. கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பெண் உள்ளே போய்க் குழு லோன் அட்டைகளைக் கொண்டுவந்து முன்னால் போட்டிருக்கிறார். ஐந்து அட்டை. அவன் எங்களிடம் சொன்ன எண்ணில் இவை எதுவும் இல்லை. மொத்தம் நாலு லட்சத்துப் பத்தாயிரம்.

தை மாதத்திலிருந்து அவன் மறுபடி நடந்தான். இது நல்லபடியாக முடிந்த கதை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆதி அண்ணாமலை கோயிலருகே ஒருமுறை என்னிடம், "நீங்க வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது மச்சான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நானும் சரி என்றுதான் சொன்னேன். போகாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2023 சித்திரைப் பௌர்ணமி மே 5. நிலவுக் கணக்கில் எங்களுக்கு ஒரு மாசம் கூடுதலாகக் கிடைத்திருந்தது, சித்திரையிலிருந்து சித்திரைக்குப் பதின்மூன்று பௌர்ணமி. என் பாக்கி நாற்பத்தோராயிரம். போட்டோக்காரனுக்குக் கேமராத் தவணை மட்டும். மளிகைக்கடைக்காரனுக்கு இன்னும் இரண்டே முக்கால் லட்சம். ஒரு வருஷம் அவனுக்குப் போதவில்லை, அவனுக்காக நடையைத் தொடர்கிறோம். அக்காவுக்குப் பூஜ்ஜியம். கடைசிப் பொதுப்பணத்தில்தான் பக்கத்து வீட்டுக் கைமாத்து அடைந்தது. அந்தம்மாவின் கண்ணில் படாமலிருக்க அவள் ஒரு வருஷமும் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள். என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு அந்தம்மா, "சரியா இருக்கு கண்ணு" என்று உள்ளே போய்விட்டாராம். உட்காரச் சொல்லவில்லை. அக்காவுக்கு அது என்னவோ போல் இருந்திருக்கிறது. நான் பேராவூரணிப் பந்தலைப் பற்றி அவளிடம் முன்னமே சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, சர்க்கரை தீர்ந்துவிட்டது, ஒரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டாள். வீட்டில் சர்க்கரை இருந்தது.