கடையையே விற்கிற கடை

பேனா வாங்குகிறீர்கள். இங்க் தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குகிறீர்கள். அரிசி வாங்கினால், பொங்கித் தின்றுவிட்டு மறுபடியும் மளிகைக் கடைக்கு. சோப்பு கரைகிறது, சட்டை கிழிகிறது, செல்போன்கூட ரெண்டு வருஷத்தில் மண்டையைப் போட்டுவிடுகிறது. எல்லா வியாபாரமும் இந்தத் தேய்மானத்தை நம்பித்தான் ஓடுகிறது. பி.காம். படித்தபோது 'டிப்ரிசியேஷன்' என்று இதற்கு ஒரு முழுப் பாடமே எங்களுக்கு இருந்தது.

ஒரே ஒரு சரக்குதான் அந்தப் பாடத்துக்குள் அடங்காது. விதை!

தக்காளி விதை வாங்கி மாடித் தோட்டத்தில் போடுகிறீர்கள். முளைத்து, காய்த்து, பழுக்கிறது. ஒரு பழத்தைப் பிதுக்கினால் உள்ளே ஏகப்பட்ட விதை. சாம்பலில் புரட்டிக் காயவைத்தால், அடுத்த வருஷம் உங்களுக்கும் அந்தக் கடைக்கும் என்ன சம்பந்தம்? எதிர் வீட்டுக்காரருக்கும் ஒரு பிடி கொடுப்பீர்கள். அவருக்கும் அந்தக் கடை வேண்டாம். பாவம், விதைக்காரர் உங்களுக்கு விற்றது சரக்கை இல்லை. கடையையே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் அவர் எப்படிப் பிழைப்பார்? இது வியாபாரக் கேள்வி. பிழைப்பதற்காக அவர் எதுவரை போகலாம்? இது தர்மக் கேள்வி. அமெரிக்காவில் ஒரு விதைக் குடும்பத்தின் கதையைப் படித்தால், இந்த ரெண்டு கேள்வியும் மாறி மாறி வந்து கையைப் பிடித்து இழுக்கின்றன.

குடும்பத்தின் பெயர் பர்பி. அப்பா டாக்டர். மகன் வாஷிங்டன் அட்லி பர்பியும் டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. பையன் மருத்துவக் கல்லூரிக்குப் போனான். ஆனால் மனசு முழுக்கக் கோழிப் பண்ணையில் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டான். 1876-ல், 18 வயதில், அம்மாவிடம் 1,000 டாலர் கடன் வாங்கி, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து தபால் மூலம் உயர் ரகக் கோழி விற்கும் வியாபாரம் ஆரம்பித்தான். கோழிக்குத் தீனி வேண்டுமே என்று கூடவே விதைகளையும் விற்றான். வாங்கியவர்கள் எழுதினார்கள்: 'கோழி இருக்கட்டும் தம்பி, வேற என்ன விதை வெச்சிருக்கே?' கோழி போய் விதை வந்தது. இரண்டே வருஷத்தில் கூட்டாளியைப் பிரிந்து சொந்தக் கம்பெனி. 1888-ல் டாய்ல்ஸ்டவுன் என்ற ஊரில் 'ஃபோர்டுஹுக்' பண்ணையை வாங்கினார். (இனி 'ர்' போட்டுவிடலாம், முதலாளி ஆகிவிட்டாரே.)

அவருடைய போட்டியாளர் யார் தெரியுமா? அரசாங்கம்! அன்றைக்கு அமெரிக்க அரசே குடிமக்களுக்கு விதை பாக்கெட்டுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது. மக்கள் பிரதிநிதிகள் தங்கள் தொகுதிக்காரர்களுக்கு மறக்காமல் அனுப்பினார்கள். இலவசம் என்பது ஏதோ நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1883-ல் விதை வியாபாரிகள் சங்கம் அமைத்து, இதை நிறுத்தச் சொல்லி வருஷக்கணக்காகப் போராடி, 1920-களில்தான் ஜெயித்தார்கள்.

ஒரு பக்கம் அரசு இலவசமாகத் தருகிறது. இன்னொரு பக்கம் ஒருமுறை வாங்கியவர் தானே விதை எடுத்துக்கொள்வார். இதற்கு நடுவில் ஒருவர் கடை போட்டு, 1915-ல் அவர் இறக்கும்போது உலகத்தின் மிகப் பெரிய தபால் விதைக் கம்பெனிகளில் ஒன்றாக அதை வளர்த்துவிட்டுப் போகிறார் என்றால், எதை விற்றார்?

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கலாம். தேங்காயைத் தட்டிப் பார்க்கலாம். விதையை என்ன செய்து பார்ப்பீர்கள்? மூணு மாசம் கழித்துத்தான் வண்டவாளம் தெரியும். அதற்குள் பட்டம் போய்விடும், ஒரு வருஷமே போய்விடும். அதனால், விதை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு வாக்கை. பர்பி அதைப் புரிந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் தரும் விதைகளைத் தன் பண்ணையில் போட்டு, முளைக்கிறதா, சொன்னபடி காய்க்கிறதா என்று பார்த்தார். வருஷா வருஷம் கேட்டலாக்கில் ஏதாவது ஒரு புது ரகம். நேர்மையும் புதுமையும், இந்த ரெண்டுக்குத்தான் காசு. விதை எடுத்து வைத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு எந்தத் தடையும் இல்லை. இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் அந்தப் புதுமை எங்கிருந்து வந்தது? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1902-ல் பர்பி கேட்டலாக்கில் 'கோல்டன் பான்டம்' என்று ஒரு மஞ்சள் மக்காச்சோளம் வந்தது. வெள்ளைச் சோளம்தான் மனுஷன் தின்ன, மஞ்சள் சோளம் மாட்டுக்கு என்று அமெரிக்கர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். இந்த ஒரு ரகம் அதை அடியோடு மாற்றியது. இன்று நீங்கள் சினிமா தியேட்டரில் கப்பில் வாங்கித் தின்கிற ஸ்வீட் கார்ன் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு முக்கியமான பதில். அந்தச் சோளம் பர்பி பண்ணையில் பிறக்கவில்லை. மாசசூசெட்ஸில் கிரீன்ஃபீல்டு என்ற ஊரில் வில்லியம் சேம்பர்ஸ் என்ற தோட்டக்காரர் தன் தோட்டத்தில் பேணி வைத்திருந்தது. அவர் இறந்த பிறகு, மிச்சமிருந்த கொஞ்சம் விதை ஒருவர் கைக்குப் போய், அவரிடமிருந்து பர்பிக்கு வந்தது.

சேம்பர்ஸுக்கு அந்தச் சோளம் எங்கிருந்து கிடைத்தது? அவருக்கு முன்னால் யாரோ. அவருக்கும் முன்னால், அந்த மண்ணில் பல ஆயிரம் வருஷமாக மக்காச்சோளத்தைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட பழங்குடிப் பெண்கள், ஆண்கள். நல்ல கதிரைத் தின்னாமல் எடுத்து வைத்தவர்கள். நம் பாட்டிகள் பீர்க்கங்காயில் கொழுத்ததாக ஒன்றைக் கொடியிலேயே முற்றவிட்டு, பரணில் தொங்கவிடுவார்களே, அதே வேலை. அத்தனை பேரும் 'அடுத்தவருக்கு' என்று வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனதால்தான் விதைக் கடை என்று ஒன்றைத் திறக்கவே முடிந்தது.

அட்லி பர்பிக்குப் பிறகு 22 வயது மகன் டேவிட். இவர் காலத்தில்தான் கணக்கு மாறுகிறது. 1949-ல் கம்பெனி 'பிக் பாய்' என்ற தக்காளியை விற்பனைக்கு விட்டது. பெயருக்கு ஏற்ற மாதிரி பெரிய பழம். தோட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அது ஹைபிரிட். விதை பாக்கெட்டில் 'எஃப்1' என்று போட்டிருப்பார்களே, அது. ரெண்டு வெவ்வேறு ரகங்களைக் கையால் மகரந்தம் சேர்த்துப் பிறக்க வைத்த முதல் தலைமுறை. அந்தத் தலைமுறை ஜம்மென்று இருக்கும். அதிலிருந்து நீங்கள் விதை எடுத்துப் போட்டால், ஒன்று தாத்தா ஜாடை, ஒன்று பாட்டி ஜாடை, ஒன்று யார் ஜாடை என்றே தெரியாது. 'பிக் பாய்' மறுபடி வேண்டுமா? கடைக்கு வா.

அப்பாடா! விதைக்கும் தேய்மானம் வந்துவிட்டது.

இது ஏமாற்றா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பூவாகத் திறந்து, கையால் மகரந்தம் வைக்கிற வேலை லேசானதில்லை. பாக்கெட்டிலேயே ஹைபிரிட் என்று எழுதித்தான் விற்கிறார்கள். வாங்குகிறவரும் விளைச்சலைப் பார்த்து விரும்பித்தான் வாங்குகிறார். 'இதிலிருந்து விதை எடுக்காதே' என்று யாரும் தடுக்கவில்லை. 'எடுத்தால் இதே மாதிரி வராது' என்கிறார்கள், அவ்வளவுதான்.

'வராது' என்பதற்கும் 'கூடாது' என்பதற்கும் நிறைய தூரம். பிறகு அந்தத் தூரத்தையும் கடந்தார்கள். 1970-ல் அமெரிக்காவில் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புது ரகத்தை உருவாக்கியவருக்கு உரிமை, ஆனாலும் விவசாயி தன் வயலுக்கு விதை எடுத்துவைக்கலாம் என்று அதில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். 1980-களிலிருந்து முழு பேட்டன்ட்டே தர ஆரம்பித்தார்கள். சந்தும் அடைபட்டது. இண்டியானாவைச் சேர்ந்த போமேன் என்ற முதிய விவசாயி, தானியக் கிடங்கில் சோயா வாங்கி விதைத்தார். விளைந்ததிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தார். அது மான்சான்டோவின் பேட்டன்ட் உள்ள சோயா. 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு நீதிபதிகூட மாறுபடாமல், அவர் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டது. அபராதம் 84,000 டாலருக்கு மேல். விதைத்ததற்கு!

கம்பெனிக்காரர் கேட்பார்: 'என் பத்து வருஷ ஆராய்ச்சிக்குக் கூலி வேண்டாமா?' நியாயமான கேள்வி. வேண்டும். ஆனால் அந்தப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்தாயிரம் வருஷம் இருக்கிறதே, அதற்கு யார் யாருக்குக் கூலி கொடுத்தார்கள்? திறந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர், வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டிக்கெட் விற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசல் அவர் கட்டியதில்லை. நம் நாட்டில் 2001-ல் போட்ட சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மனசாட்சியோடு எழுதப்பட்டது. புது ரகம் கண்டவருக்கு உரிமை தந்துவிட்டு, அந்த ரகத்தின் விதையைக்கூட விவசாயி எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம், கம்பெனி பிராண்டு பெயரைப் போட்டு மட்டும் விற்காதே என்கிறது.

டேவிட் பர்பியிடம் திரும்பி வருவோம். அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. நம்ம செண்டுமல்லி. கேந்திப்பூ, துலுக்கச் சாமந்தி என்று ஊருக்கு ஒரு பெயரில் கூப்பிடுகிறோமே, மெக்சிகோவிலிருந்து வந்து நம் ஆயுத பூஜை மாலைகளில் உட்கார்ந்துவிட்ட அதே பூ. மஞ்சள் உண்டு, ஆரஞ்சு உண்டு. வெள்ளை கிடையாது. கம்பெனி ஆட்களும் எவ்வளவோ முயற்சி செய்து பார்த்தார்கள். 1954-ல் டேவிட் அறிவித்தார்: இரண்டரை அங்குல அகலத்தில் வெள்ளைச் செண்டுமல்லி பூக்கிற விதையை முதலில் தருபவருக்கு 10,000 டாலர்!

யோசித்துப் பாருங்கள். விதை எடுத்து வைத்தால் பிரயோஜனம் இல்லாத தக்காளியை விற்கிற அதே கம்பெனி, தன் வாடிக்கையாளர்களிடம் 'தயவுசெய்து விதை எடுத்து வையுங்கள்' என்று கேட்கிறது. ஏனென்றால், இந்த வேலைக்குக் குறுக்கு வழி இல்லை. இருப்பதிலேயே வெளிறிய பூவைப் பார், அதன் விதையை எடு, அடுத்த வருஷம் போடு, மறுபடியும் வெளிறியதைப் பார். இதை வருஷா வருஷம் செய்ய ஆயிரக்கணக்கான தோட்டங்களும் ஆயிரக்கணக்கான ஜோடிக் கண்களும் வேண்டும். எந்த முதலாளியும் இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது.

நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் விதை அனுப்பினார்கள். 21 வருஷம் ஓடியது. 1975-ல் அயோவா மாநிலத்தில் சல்லி என்ற சின்ன ஊரைச் சேர்ந்த ஆலிஸ் வோங்க் என்ற பாட்டி அனுப்பிய விதையில் பூ வெள்ளையாகப் பூத்தது. 10,000 டாலரும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. கிரீன்ஃபீல்டு சேம்பர்ஸுக்குக் கிடைக்காத கூலி, சல்லி பாட்டிக்காவது கிடைத்ததே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

பரிசு கொடுத்தபோது கம்பெனி அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. மூன்றாம் தலைமுறை முதலாளியாவதற்குள், 1970-லேயே, டேவிட் அதை ஜெனரல் ஃபுட்ஸுக்கு விற்றுவிட்டார். அவர்கள் 1979-ல் ஐ.டி.டி.க்கு விற்றார்கள். மறு வருஷம் டேவிட் இறந்தார். கை மாறிக் கை மாறி, 1991-ல் ஜார்ஜ் பால் என்ற இன்னொரு விதைக் குடும்பத்துக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. பர்பி என்ற பெயர் மட்டும் பாக்கெட்டில் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெயரில் பிற்பாடு 'ஃப்ரெஞ்ச் வனிலா' என்று ஒரு செண்டுமல்லி விற்பனைக்கு வந்தது. பாலாடை மாதிரி வெள்ளை, நல்ல பெரிய பூ. பாக்கெட்டில் ஹைபிரிட் என்று போட்டிருப்பார்கள். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால், அதே பூ வராது.