மழை வரட்டும், பார்த்துக்கலாம்!

கள்ளக்குறிச்சியில் இரண்டு பேர். இரண்டு பேரிடமும் கார். இரண்டு கார்களிலும் வைப்பர் ரப்பர் காய்ந்து, வெடித்துக் கிடக்கிறது. சித்திரை வெயிலிலேயே இருவரும் அதைக் கவனித்துவிட்டார்கள். இருவரும் சொன்னதும் ஒரே வாக்கியம்தான்: 'மழை வரட்டும், பார்த்துக்கலாம்!'

கார்த்திகையில் ஒரு ராத்திரி. இருவரும் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. வைப்பரைப் போட்டால், அது தண்ணீரை வழிப்பதற்குப் பதிலாகக் கண்ணாடி முழுக்கப் பூசிவிடுகிறது. முதல் ஆள் தட்டுத் தடுமாறி வீடு வந்து சேர்ந்து, சூடாகக் காபி குடிக்கிறார். இரண்டாவது ஆளின் காருக்கு முன்னால், ஒரு வளைவில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்து போகிறார். கண்ணாடியில் அவர் தெரியவே இல்லை.

இது கற்பனைதான். ஆனால், இதில் இருக்கும் கேள்வி நிஜம். மறுநாள் காலையில் ஊர் யாரைத் திட்டும்? இரண்டாவது ஆளைத்தான். முதல் ஆளும் கூடச் சேர்ந்து, 'இப்படியாய்யா வண்டி வெச்சிருப்பான்?' என்பார். யோசித்துப் பாருங்கள்... இரண்டு பேர் செய்த தப்புக்கும் நூலளவாவது வித்தியாசம் இருக்கிறதா? ஒருவர் வளைவில் ஆள் இல்லை, இன்னொருவர் வளைவில் ஆள் இருந்தார். அவ்வளவுதானே!

இந்தக் குடைச்சல் தத்துவக்காரர்களையும் விடவில்லை. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு பேர் இதைப் பற்றி எழுதினார்கள். 'மாரல் லக்' என்று பெயர் வைத்தார்கள். 'அறத்தில் அதிர்ஷ்டம்' என்று சொல்லலாம். நேகல் காட்டும் உதாரணம் ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் சமீபத்தில் செக் பண்ணவில்லை. குறுக்கே குழந்தை வந்துவிட்டால், ஆயுசுக்கும் அவன் தன்னை மன்னிக்க மாட்டான். வராவிட்டால், பிரேக் பற்றிய ஞாபகம்கூட இருக்காது. தப்பு ஒன்றே, பாரம் மட்டும் வேறு.

சட்டம் விளைவைப் பார்க்கிறது. அஜாக்கிரதையால் உயிர் போனால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. அது அப்படித்தான் இருக்க முடியும். நடக்காத மரணத்துக்கு கோர்ட் எப்படித் தண்டனை தரும்? ஆனால், மனசாட்சியும் கோர்ட் மாதிரி பிணம் விழும் வரை காத்திருக்க வேண்டுமா? வீடு வந்து சேர்ந்தவர் நிரபராதி அல்ல. மாட்டாதவர், அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், தப்பு நடந்த நாள் அந்த மழை ராத்திரி இல்லை. சித்திரை மாதத்து வெயில் நாள்! மழையில் அவர் என்னதான் செய்ய முடியும்? பழைய டிரைவர்கள் புகையிலையையோ, வெட்டிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்த்துச் சமாளிப்பார்கள். அது ஆபத்துக்குப் பாவம் இல்லை ரகம். கடை திறந்திருந்த, கையில் காசு இருந்த, வானம் பளிச்சென்று இருந்த நாளில் அவருக்கு எல்லா வழியும் இருந்தது.

பி.காம். படித்தவன் என்பதால் இதைக் கணக்காகவும் பார்க்கிறேன். தேய்மானத்துக்கு ஒதுக்காமல் லாபம் காட்டும் கம்பெனியை நாம் நம்புவதில்லை. வைப்பர் பிளேடு சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடித்ததாக நினைப்பவர், உண்மையில் கடன் வாங்கியிருக்கிறார். யாரிடம்? சாக்கு போட்டு நடந்து போனவரிடம். அவரைக் கேட்காமலே!

'ஓனர் காசு தரலைண்ணா, நான் என்ன பண்ண?' என்று கேட்கும் வேன் டிரைவர்கள் உண்டு. நியாயம்தான். டிரைவர் மூன்று தடவை சொல்லியும் 'மழை வரட்டும்பா' என்று அனுப்பிய ஓனர், ஸ்டீயரிங்கைத் தொடாமலே அந்த வளைவில் இருக்கிறார். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-வது விதி, பேருக்கு ஒரு வைப்பர் போதும் என்று சொல்லவில்லை. திறம்பட வேலை செய்ய வேண்டும் என்கிறது.

நம் ஊரில் வைப்பரைக் கொல்வது மழை இல்லை, வெயில். மாதக்கணக்கில் சூடான கண்ணாடியில் ஒட்டிக் கிடந்து, ரப்பர் இறுகிவிடும். போகும்போது ஒரு பக்கமும், திரும்பும்போது மறுபக்கமும் சாய்ந்து வழிக்க வேண்டிய மெல்லிய நுனி அது. இறுகினால் சாயாது, தடதடவென்று குதிக்கும், கோடு போடும். ஈரத் துணியால் அந்த நுனியை அடிக்கடி துடையுங்கள். தூசி படிந்த காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள், கீறல் விழும். தண்ணீர் டாங்கை நிரப்பி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசிக்கு முன்னால் பிளேடை மாற்றிவிடுங்கள். மார்கழிப் பனியில் கண்ணாடியின் உள்பக்கம் படியும் மூட்டத்துக்கு வைப்பர் உதவாது, ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், அல்லது ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விபத்து நடக்கலாம். வில்லியம்ஸ் சொன்ன லாரி டிரைவர் அப்படிப்பட்டவர்தான். அவர் மேல் தப்பே இல்லை, ஆனாலும் குழந்தை அடிபட்டுவிடுகிறது. அவருக்குத் துக்கம் உண்டு, தூக்கம் போகும். ஆனால், 'அன்றைக்கே மாற்றியிருக்கலாமே' என்ற ஒரு வாக்கியம் மட்டும் அவரைத் துரத்தாது. நமக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை.

கரும்பு அரவை தொடங்கினால், பின்னால் விளக்கே இல்லாத டிராக்டர்கள் அதே ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். மலையிலிருந்து இறங்கி பஸ்ஸுக்கு நடப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் யாருக்கும் உங்களைத் தெரியாது. நீங்கள் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவியும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. இன்று வெயில் நன்றாக அடிக்கிறதா? போய் அந்த ரப்பரை விரலால் ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்!