இன்மையை அறிவிக்கும் உரை

இல்லாத ஒன்றை இல்லை என்று அறிவது எந்த அளவையால் என்பது இந்திய மெய்யியலில் நெடுங்காலம் வழக்காடப்பட்ட வினா. அறிவைத் தரும் வாயிலுக்கு அளவை என்று பெயர்: புலன்களால் நேரே அறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது உரை. இன்மையை அறிவதற்கென்றே அபாவம் என்னும் தனி அளவை வேண்டும் என்று குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் கொண்டனர். நியாய மரபினரான நையாயிகர் அதனை ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவம் உள்ளிட்ட பலவற்றை எண்ணிக்காட்டி, அனைத்தையும் முற்கூறிய மூன்றனுள் அடக்கினார். செயற்கை நுண்ணறிவு முகவர்கள் படித்துச் செயற்படுவதற்காக மென்பொருள் சோதனைக் கருவிகளின் கையேடுகளை எழுதுவோரும் இவ்வழக்கினுள்ளேயே நிற்கிறார்கள். ஏனெனில் சோதனைக் கருவி இறுதியில் சொல்ல முயல்வது ஓர் இன்மையை, அதாவது நிரலில் வழு இல்லை என்பதை.

முகவர் என்பது, ஒரு பணியைப் பெற்று, நிரலைத் தானே திருத்தி, சோதனைக் கருவியைத் தானே இயக்கி, அது தரும் விளைவைப் படித்து அடுத்த செயலைத் தானே தீர்மானிக்கும் மொழி மாதிரியாகும். பல்லாண்டு பழகிய பொறியாளர் கையேட்டில் விடுபட்டதைத் தம் பட்டறிவால் நிரப்பிக்கொள்வார். முகவருக்கோ அக்கருவியைப் பற்றிய அறிவு, பயிற்சியில் கண்ட பழைய எழுத்துகளும் கண்முன் உள்ள கையேடுமாக, பெரும்பகுதி உரையளவையாகவே அமைகிறது. ஆகவே கையேட்டை எழுதுபவர் ஆப்தரின், அதாவது நம்பத்தக்க உரையாளரின், இடத்தில் இருக்கிறார். நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் ஆப்தருக்கு வகுத்த இலக்கணம் பிறப்பைச் சாராதது: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்பமும் இருக்க வேண்டும். பைத்தான் மொழியில் 2001 முதல் உள்ள டாக்டெஸ்ட் என்னும் கருவி, விளக்கவுரைக்குள் எழுதப்பட்ட எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, எழுதிய விளைவே வருகிறதா என்று சரிபார்க்கிறது. இவ்விலக்கணத்தின் முதற்பாதியை இயந்திரத்தைக் கொண்டு காக்கும் அரிய முயற்சி அது.

இன்மையை உரைப்பதில் உள்ள இடர் எத்தகையது என்பதை ஒரு சிறு விவரத்திலேயே காணலாம். சோதனைக் கருவி ஓடி முடிந்ததும் எக்ஸிட் கோட் எனப்படும் முடிவு எண்ணை இயங்குதளத்திடம் விட்டுச்செல்கிறது. 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் ஏதோ தவறு என்பது பொது மரபு. பைத்தானுடன் வரும் யூனிட்டெஸ்ட், தேடிய கோப்புறையில் ஒரு சோதனையும் கிடைக்காதபோது, 0 சோதனைகள் ஓடின என்று அச்சிட்டு, இறுதியில் ஓகே என்று எழுதி, வெற்றிக்குரிய 0 என்ற எண்ணையே நெடுங்காலம் தந்துவந்தது. 2023 அக்டோபரில் வெளிவந்த 3.12 பதிப்பில்தான் அந்நிலைக்கு 5 என்னும் தனி எண் கிடைத்தது. பைடெஸ்ட் என்னும் மற்றொரு கருவி அந்நிலைக்கு 5ஐ முன்பே ஒதுக்கியிருந்தது. சோதனை தோற்றால் 1, கட்டளையே பிழையானால் 4 என்று அது வேறுபடுத்தவும் செய்கிறது. ஆயினும் கிடைத்த சோதனைகள் அனைத்தும் தவிர்க்கப்படுமாறு குறியிடப்பட்டிருந்தால் அதுவும் 0 என்றே முடிகிறது. எதுவும் சரிபார்க்கப்படவில்லை என்ற ஒரே உண்மை, கருவி கண்டுகொள்ளாதவாறு சோதனைக்குப் பெயரிட்டதால் நேர்ந்தால் 5 ஆகவும், தவிர்ப்புக் குறியால் நேர்ந்தால் 0 ஆகவும் வெளிப்படுகிறது.

குமாரிலரின் வழிவந்த பாட்ட மீமாம்சகரும் அத்துவைதிகளும் இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும் நிபந்தனை ஒன்றை வகுத்துள்ளனர். காணாமை இன்மைக்குச் சான்றாக வேண்டுமெனில், அப்பொருள் இருந்திருந்தால் தவறாமல் காணப்பட்டிருக்கும் என்ற தகுதி அதற்கு இருக்க வேண்டும். இதனை யோக்கிய அனுபலப்தி, அதாவது தகுதியுடைய காணாமை, என்பர். வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டில் தென்படாவிட்டால் எதுவுமே அறியப்படவில்லை. யூனிட்டெஸ்டின் பழைய ஓகே இருட்டில் நின்று சொல்லப்பட்டது. முடிவு எண்ணை மட்டும் பார்த்து அதனை நம்பும் முகவர் பணி முடிந்தது என்று அறிவிக்க, அவ்வறிவிப்பை நம்பி மனிதர் நிரலை வெளியிட, தகுதியற்ற ஒரு காணாமை உரையிலிருந்து உரைக்குப் பரவுகிறது. ஆதலால் எல்லாச் சோதனைகளும் வென்றன என்று 0க்குப் பொருள் எழுதுவது போதாது. எத்தனை சோதனைகள் கண்டெடுக்கப்பட்டன, எத்தனை ஓடின, எத்தனை தவிர்க்கப்பட்டன என்பவற்றை விளைவின் எவ்வரியில் படிப்பது என்பதையும், முடிவு எண் தரும் வழக்கம் எப்பதிப்பிலிருந்து மாறியது என்பதையும் கையேடு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; பயிற்சியில் பழைய வழக்கத்தையும் புதியதையும் சேர்த்தே படித்திருக்கக்கூடிய முகவருக்குப் பதிப்பெண் இல்லாத வாக்கியம் பாதி உண்மையே.

சோதனைகள் முறையாக ஓடினாலும் அவை வழுவின் இருப்பைக் காட்டுமேயன்றி இன்மையை நிறுவா என்று கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தினார். இதனால் சோதனை பயனற்றதாகிவிடுவதில்லை. இன்ன உள்ளீடுகளுக்கு இன்ன விளைவு மாறவில்லை என்ற எல்லைக்குள் அது தரும் அறிவு மெய்யானது. அந்த எல்லையை மறைப்பதில் கவரேஜ் எனப்படும் ஓட்ட அளவீட்டுக்கு நிகரானது அரிது: அதில் வரும் 100 விழுக்காடு, நிரலின் ஒவ்வொரு வரியும் ஒருமுறையேனும் ஓடியது என்பதை மட்டுமே குறிக்கும், அவ்வரியின் விளைவை எந்தச் சோதனையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்தாலும் அதே எண்தான் வரும். இதைக் கையேட்டின் பிற்சேர்க்கையில் எழுதுவதால் பயன் குறைவு. தேவையான பகுதியை மட்டும் எடுத்துப் படிக்கும் முகவரின் கண்ணில் படுமாறு, அவ்வெண்ணுக்குப் பொருள் கூறும் வாக்கியத்திலேயே எழுத வேண்டும்.