அளவறிந்து ஒளி கொள்வோம்

அருகன் திருவடி போற்றி!

கொல்லிமலையின் மேல் ‘நாடு’ எனும் பெயர் தாங்கிய ஊராட்சிகளுள் ஒன்று பைல் நாடு. சாமையும் மிளகும் காப்பியும் பலாவும் விளையும் அம்மலையின் ஓடைகள் ஐயாறாகத் திரண்டு ஆகாய கங்கை அருவியாக வீழ்கின்றன. அம்மலையோடைகளின் நீரைத் திருப்பிக் கீழிறக்கி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் தமிழக மின்வாரியம் திட்டம் ஒன்றை வகுத்தது.

அவ்வெண்ணை மனத்திற் கொள்வோம். சென்னையின் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எனும் கணினிக் கூடங்கள் எழுந்துள்ளன. அவற்றை வரவேற்று 2021இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இரவு பகலாக ஓடும் கணினிகளுக்கும், அவற்றின் வெப்பம் தணிப்பதற்கும் மின்சாரம் வேண்டும். உலகின் பெரிய மையம் ஒன்றுக்கு 100 மெகாவாட் தேவைப்படுகிறது. அஃதாவது, ஐந்து கொல்லிமலைத் திட்டங்களின் முழு ஆற்றல்! 2024இல் உலகத் தரவு மையங்கள் கொண்ட மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட். 2030இல் அது இருமடங்கைக் கடக்கும் எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்துள்ளது.

நிலம், நீர், தீ, காற்று, மரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உள என்பது நம் ஆகமம். அனல்மின் நிலையத்தில் தீயுடலுயிர்க்கும், அணையில் நீருடலுயிர்க்கும் ஊறு நேர்கின்றது. கதிரொளி ஆலையும் நிலத்தை மூடியே நிற்கின்றது. முற்றும் ஊறற்ற மின்சாரம் இல்லை. “நாம் கரி எரிக்கவில்லையே, ஓடையை மறிக்கவில்லையே” எனக் கூறித் தப்பவும் இயலாது. தானே செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைச் சேர்ப்பன அல்லவா?

இல்லறத்தார்க்கு இதினின்று முழு விடுதலை இல்லை. ஆயினும் வரையறை உண்டு. ஸமந்தபத்ராசாரியார் அருளிய இரத்தின கரண்ட சிராவகாசாரம், பயனின்றி நிலம் அகழ்தல், நீர் இறைத்தல், தீ மூட்டுதல் ஆகியவற்றை அநர்த்ததண்டத்துள் அடக்கி விலக்குகின்றது. தேவைக்குக் கொள்ளும் தீ வேறு. சோர்வினால் மூட்டும் தீ வேறு.

எனவே இத்தொழிலில் உள்ள நம் பொறியாளர்களும் வணிகர்களும் சிலவற்றைக் கடனாகக் கொள்ள வேண்டும். புதிய மையத்திற்குப் புதிய காற்றாலையும் கதிரொளி ஆலையும், அவற்றின் ஆற்றலைச் சேமிக்கும் மின்கலங்களும் அம்மையத்தார் செலவிலேயே எழ வேண்டும். உழவர் பம்புசெட்டுக்கும் ஏழை வீட்டு விளக்குக்கும் உரிய மின்சாரம் குறைதல் ஆகாது. பொறுக்கத்தக்க பணிகளை நண்பகற் கதிரொளியிலும் ஆடிக் காற்றிலும் முடித்துக் கொள்ளலாம். மலை நீரை எடுப்பின், ஓடையில் மீனும் தவளையும் வாழும் ஒழுக்கை விட்டே எடுக்க வேண்டும். மலைவாழ் மக்களின் இசைவும் பயனும் முதற்கண் நிற்க வேண்டும்.

நமக்கும் கடன் உண்டு. ஒருமுறை நுகர்ந்தால் தீர்வது போகம். பலமுறை நுகர்வது உபபோகம். கையிலுள்ள செல்பேசி உபபோகம். அதன் வழியே எங்கோ எரியும் மின்சாரம் போகம். முன்னதை எண்ணுகிறோம்; பின்னதை எண்ணுவதில்லை. பார்க்காத படங்களைக் குவிப்பதும், ஒரே காட்சியை நூறு பேர்க்கு அனுப்புவதும் சிறியனவே. கோடி கைகள் செய்யுங்கால் அவை ஓர் ஓடையை வற்றச் செய்யும்.

இரவுணவு நீத்து விளக்கின் தேவையைச் சுருக்கிய மரபு நம்முடையது. தசலட்சணப் பருவத்தில் உத்தம ஸம்யமம் போற்றும் நாளில், கண்ணுக்குத் தெரியாத இம்மின்சாரத்திற்கும் ஓர் அளவு குறித்து விரதம் ஏற்போமாக!

அறம் வளர்க!