அம்பு பாயும் தூரம்



பொதுக்காலம் 13ஆம் வாரப் புதன்கிழமையான இன்று வாசித்த ஆகாரின் பகுதி ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான் வரும். அதுவும் வார நாள் திருப்பலி என்பதால், ஞாயிறு வருகிறவர்களின் காதில் இது விழுவது குறைவு. வயல் வேலையை முடித்து, கை கால் கழுவிக்கொண்டு வந்த உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆகார் எகிப்துக்காரி, ஆபிரகாமின் மனைவி சாராவின் அடிமை. தொடக்கநூல் 16ஆம் அதிகாரத்தையும் 21ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். சாராவோ ஆபிரகாமோ ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேலைக்காரி, அவ்வளவுதான். "ஆகார்" என்று முதலில் கூப்பிட்டவர் ஆண்டவரின் தூதர்.

ஆபிரகாம் நம் விசுவாசத்தின் தந்தை. அந்த மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன். ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் நிறைய வைத்திருந்த மனிதர், தம் பிள்ளையையும் பிள்ளையைப் பெற்ற ஆகாரையும் விடியற்காலையில் அனுப்பி வைக்கும்போது கொடுத்தது கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும். அன்றோடு ஆகார் யாருக்கும் அடிமை இல்லை. பெயேர்செபா பாலைநிலத்தில் தண்ணீர் தீரும்வரைக்கும் அந்த விடுதலை நீடித்தது.

இது ஏதோ பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2020 அக்டோபரில், நம் வில்லியனூர்ப் பக்கம், வாத்து மேய்க்க வைத்திருந்த ஐந்து இருளர் சிறுமிகளைக் குழந்தைகள் நலக் குழு மீட்டது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அங்கே விடப்பட்ட பிள்ளைகள். அவர்கள் பட்டதைப் பீடத்தருகில் நின்று விவரிக்க எனக்கு மனம் இல்லை. அவர்களுக்கும் அது மரியாதை ஆகாது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கிடை போடுவது நமக்கெல்லாம் பழக்கம். சிந்திய நெல்லையும் நத்தையையும் வாத்து தின்னும், எச்சம் எருவாகும், நமக்கு லாபம். வரப்பில் குச்சியோடு நின்ற பிள்ளை யார், எந்த வகுப்பு படிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானும் அந்தச் சாலையில் பைக்கில் போனவன்தான்.

இன்றைய நற்செய்தியில் கதரேனர் ஊர்க்காரர்கள் செய்ததும் இதுதான். பேய் பிடித்திருந்த இரண்டு பேர் கட்டு அவிழ்ந்து நிற்கிறார்கள். ஊரே திரண்டு வருகிறது. வந்தவர்களின் கண்ணில் பட்டது பேய் புகுந்து கடலில் போன பன்றிகள். அந்த இருவரும் சாப்பிட்டார்களா என்று யாரும் கேட்டதாக மத்தேயு எழுதவில்லை. தயவுசெய்து இங்கிருந்து போய்விடும் என்று இயேசுவையே கேட்டுக்கொண்டார்கள்.

சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அந்தச் சட்டப்படி, கொத்தடிமைக்கு வைத்த கடன் செல்லாது, ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனாலும், வாங்கின காசைக் கழிக்காமல் வந்துவிட்டோமே என்று ராத்திரியில் தவிக்கிற தாய்மார் உண்டு. விடுதலைச் சான்றிதழ் என்று ஒரு தாள் கிடைக்கும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மத்திய அரசின் திட்டம் சொல்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மறுவாழ்வுக்கு 2 லட்சம் என்றும் சொல்கிறது. பெரிய தொகை வழக்கின் முகத்தைப் பார்த்துக் காத்துக்கிடக்கும். வழக்கு எப்போது முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது உரிமை. ஆனால் முதலில் கைக்கு வருவது ஒரு தோற்பைத் தண்ணீர்.

தண்ணீர் தீர்ந்ததும் ஆகார் என்ன செய்தாள்? பிள்ளையை ஒரு புதரின் அடியில் விட்டுவிட்டு, அம்பு பாயும் தூரத்தில் போய், எதிரே உட்கார்ந்தாள். சாவதைப் பார்க்க முடியவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை. அந்தத் தூரம் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மீட்கப்பட்டு வீடு திரும்பிய பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் அதே தூரம் கிடக்கிறது. ஒரே குடிசைதான், ஒரே பாய்தான். "என்னை ஏன் அங்கே விட்டே?" என்று பிள்ளை கேட்காது. கேட்டுவிடுமோ என்று தாய் அதன் முகத்தைப் பார்க்க மாட்டாள். வெளியில் இருக்கிற நாம், பெற்றவளே விற்றுவிட்டாள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். புதர் அடியில் விட்டவளிடம் கடவுள் அப்படிப் பேசவில்லை. உனக்கு என்ன ஆயிற்று என்றுதான் விசாரித்தார்.

அடுத்து வருகிற வரிசையைக் கவனியுங்கள். எழுந்திரு, பையனைத் தூக்கு, அவன் கையைப் பிடித்துக்கொள் என்று தூதர் சொல்கிறார். கிணறு அதற்குப் பிறகுதான் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் காட்டி, குடிக்க வைத்து, அப்புறம் கையைப் பிடி என்று சொல்லியிருக்கலாம். நாமாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்போம். அரிசி மூட்டை கொடுத்து, படம் எடுத்து, வந்திருப்போம். கடவுள் முதலில் அந்தத் தூரத்தைக் குறைத்தார். கிணறோ புதிதாகத் தோண்டியது இல்லை. முன்பே அங்கே இருந்தது, அழுத கண்ணுக்குத் தெரியவில்லை.

மடுகரை என்று நம் ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம். மடு என்றால் வற்றாமல் ஆழத்தில் தண்ணீர் நிற்கிற இடம். நமக்குத் தெரிகிற தண்ணீர் மீட்கப்பட்டு வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. இங்கிருந்து கொஞ்சம் போனால் தமிழ்நாட்டு எல்லை. வேலை செய்த இடம் இந்தப் பக்கம், ரேஷன் கார்டு அந்தப் பக்கம் என்றால் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது? புதுச்சேரியில் இருளர், வில்லி, வேட்டைக்காரர் சமூகத்தைப் பழங்குடியாக அறிவித்ததே 2016இல்தான். அந்தப் பழங்குடிச் சான்றிதழ் வாங்க, பள்ளியில் பிள்ளையின் வயதை எழுத, சப் கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் அந்த அம்மாவோடு ஒரு பகல் முழுக்க உட்கார, இந்தப் பங்கில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி திறந்தாயிற்று. திருப்பலி முடிந்ததும் வர முடிகிறவர்கள் சாக்ரிஸ்தி பக்கம் நில்லுங்கள், பேசுவோம். அந்த அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஏய்" என்றே கேட்டுப் பழகிய காது.

இன்றைய வாசகம் 20ஆம் வசனத்தின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போய் விவிலியத்தைத் திறந்து, மிச்சமிருக்கிற ஒன்றரை வசனத்தையும் வாசியுங்கள். அம்பு பாயும் தூரத்தில் தனியே கிடந்த பையன் வளர்ந்து வில்லாளி ஆகிறான். வில்லி என்ற பெயர் நமக்குப் புதிது இல்லையே. ஆகாரோ, தன் கல்யாணத்தில் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாதவள், சாரா பிடித்து ஆபிரகாமுக்குக் கொடுத்தபடி போனவள். அவள் இப்போது தன் ஊரான எகிப்திலிருந்து மகனுக்குப் பெண் எடுக்கிறாள்.