கட்டினால் கூடவே இரு

இங்கிலாந்தின் லிங்கன் மனநலக் காப்பகத்தில் 1829-ல் ஒரு நோயாளி, இரவெல்லாம் கட்டிலோடு வாரால் பிணைக்கப்பட்டு, கவனிப்பாரின்றி இறந்துபோனார். அதன்பின்னும் நிர்வாகம் கட்டுவதற்குத் தடை போடவில்லை. ஒரு விதிதான் கொண்டுவந்தது: இரவில் யாரையாவது கட்டினால், பணியாளர் ஒருவர் அதே அறையில் உடனிருக்க வேண்டும். கட்டுகள் மளமளவென்று குறைந்தன. பக்கத்தில் ஆள் விழித்திருந்தால் வார் எதற்கு? பின்னர் அங்கே வந்த ராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளம் மருத்துவர் 1838-க்குள் அவற்றை அறவே ஒழித்தார்.

ஆக, பல கட்டுகளுக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை (சொன்னால் மருத்துவமனைகளுக்குக் கோபம் வரும்). இன்றைய மருத்துவமனையில் சிகிச்சைக் குழாயைப் பிடுங்கும் முதியவருக்கு வலியா, சிறுநீர் முட்டுகிறதா, மூக்குக்கண்ணாடி இல்லாமல் இடம் புரியவில்லையா என்று பார்க்க ஒருவர் வேண்டும். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. கட்ட நேர்ந்தால் காரணத்தை உடனே பதிவுசெய்யச் சொல்கிறது. ஆனால் இந்தப் பதிவு விதி மனநல நிலையங்களுக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் உங்கள் அப்பாவின் கை கட்டப்பட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்: ஏன் கட்டினீர்கள், எதுவரை, நான் உடன் உட்கார்ந்தால் அவிழ்ப்பீர்களா?